இணக்கம் நூறு

"பிடுங்குடா அதை!" என்று நிரஞ்சனா கத்துவதற்குள் துருவன் ஸ்டூல் மேல் ஏறியிருந்தான்.

பழைய நூற்பாலையின் கிடங்கு அது. சுவரில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள்தான். துருவன் முதல் கட்டையை இழுத்தான். வரவில்லை. சட்டை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான். பட்டென்று ஒரு பொறி. மின்விசிறிகள் வேகம் இழந்தன. கூரையின் நான்கு மூலைகளிலும் கொசுவர்த்தி நெருப்பு அளவுக்கு ஒளிர்ந்துகொண்டிருந்த நீலக் கண்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"செத்துச்சு" என்றான் துருவன், கையில் கட்டையோடு. "எல்லாக் கண்ணும் மூடிருச்சுங்க டாக்டர்."

"அவர் லாகின் பண்றதுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்திதான். பண்ணியிருந்தா பச்சையா மாறியிருக்குமே."

நிரஞ்சனா நெற்றியை வழித்துக்கொண்டாள். ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. ஓட்டுநர் இல்லாத வெள்ளைக் கார் ஒன்று இரும்பு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய மனிதர் கையில் டேப்லெட்டோடு அழைப்பு மணியைத் தேடிக்கொண்டிருந்தார். காரின் கதவில் இணக்க ஆணையத்தின் முத்திரை.

கேட்டுக்கு இந்தப் பக்கம் கோகிலவாணி போய்ச் சேர்ந்திருந்தாள். இந்தக் கிடங்கில் நடக்கும் தன்போக்கு மன்றத்தின் நிர்வாகி. ஐம்பதைத் தாண்டியவள். ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, பயிற்சி கொடுத்து, முன்கூட்டியே ஓய்வுபெற்று வந்தவள். இந்தக் கிடங்கில் எல்லாரிடமும் நன்றாகப் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று துருவன் சொல்வான்.

"வாங்க சார், வாங்க! கரண்ட் போயிருச்சுங்க, கேட்டு மோட்டாரு ஓட மாட்டேங்குது. ஆளுக்குச் சொல்லியாச்சு. வெயில்ல நிக்காதீங்க, அந்த வேப்பமரத்தடிக்கு வந்துருங்க. இளநி வெட்டச் சொல்லட்டுங்களா?"

வந்தவரின் முகம் சிடுசிடுப்பிலிருந்து சிரிப்புக்கு மாறுவதை ஜன்னலிலிருந்தே பார்க்க முடிந்தது.

"பார்த்தீங்களா?" என்றான் துருவன். "வாணிக்கா அரை மணி நேரம் தாங்குவாங்க. அதுக்குள்ள முடிவு பண்ணணும்."

"என்ன முடிவு?"

"நடிக்கிறதா, வேண்டாமாங்கிறதைத்தான்."

கிடங்கின் நடுவில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. ஆனால் எல்லாமே வெளிப்பக்கம் பார்த்து. உட்கார்ந்தால் முதுகோடு முதுகு. கண்ணுக்கு முன்னால் சுவர், ஜன்னல், வேப்பமரம். தன்போக்கு மன்றத்தின் வழக்கம் அது. யாருடைய கண்ணையும் பார்க்க வேண்டியதில்லை. காலாட்டலாம், விரல் சொடுக்கலாம், முனகலாம். பேசத் தோன்றினால் பேசலாம். நிரஞ்சனா முதன்முதலில் நாற்காலிகளை அப்படித் திருப்பிப் போட்டபோது, மனநல ஆலோசகர்கள் சங்கத்தில் அவளைக் கேலி பண்ணினார்கள். ஆனால் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் கல்யாண மண்டபத்திலும் ஒரு வார்த்தை உண்மையாகப் பேசாதவர்கள் அந்த வட்டத்தில் வந்து மணிக்கணக்கில் பேசினார்கள். 'உன்னைச் சரிபண்ண வரலை. நீ உடைஞ்சு போகலை' என்பதுதான் அவள் எல்லாருக்கும் சொல்லும் முதல் வாக்கியம்.

அந்த வட்டத்தில் ஒரே ஒருவன் உட்கார்ந்திருந்தான். மகிழ்நன். இருபத்தாறு வயது. வாயால் பேசமாட்டான். கழுத்தில் தொங்கும் சின்னப் பலகையில் தட்டினால் அது பேசும். அதற்கு அவன் தேர்ந்தெடுத்திருந்தது ரயில் நிலைய அறிவிப்புக் குரல்.

"தவறு என்னுடையது" என்றது பலகை, ரயில் தாமதத்துக்கு வருந்தும் தொனியில்.

"உன்ற தப்பு என்னடா மகி?" துருவன் நடந்துகொண்டே கேட்டான். உட்கார அவனால் முடியாது. ட்ரோன் பழுது பார்க்கும் பட்டறையிலும் நின்றபடியேதான் வேலை.

"ஆணையத்துக்கு நன்றி சொல்லி எழுதினேன்."

நிரஞ்சனா திரும்பினாள். "என்ன எழுதினே?"

"இங்கே வருவதற்கு முன் என் இணக்கம் எண்பத்திரண்டு. இப்போது பத்தொன்பது. மிகவும் நன்றாக இருக்கிறேன். இந்த வசதி எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். நன்றி."

அப்புறம் துருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடக் கெரகமே! எண்பத்திரண்டைப் பத்தொன்பதா எறக்கிட்டாங்கன்னு ஆணையத்துக்கே நன்றிக் கடுதாசியா! திருடன் போலீசுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பின கதையாவுல்ல இருக்கு!"

"உண்மையைத்தான் எழுதினேன்."

"அதான்டா பிரச்சினையே!"

நிரஞ்சனாவுக்கும் சிரிப்பு வந்தது. அவளுடைய இத்தனை வருட வேலைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதுவே உரிமத்துக்கு உலை வைத்துவிட்டது.

இணக்கமானி ஊருக்குள் வந்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஒருவர் எப்படிப் பார்க்கிறார், எப்போது சிரிக்கிறார், எவ்வளவு நேரம் விட்டுப் பதில் சொல்கிறார், கை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் கூரைக் கண்கள் பார்த்து ஓர் எண்ணாகச் சொல்லும். வேலைக்குப் போக அந்த எண். வீடு வாடகைக்கு எடுக்க அந்த எண். பெண் பார்க்க வருபவர்கள் ஜாதகத்தோடு அதையும் கேட்டார்கள். எண் குறைந்தவர்களுக்குச் சிகிச்சை தரும் இடங்களுக்கு ஒரு நிபந்தனை: மையத்தின் சராசரி அறுபதுக்குக் கீழே போனால் மூடல். அங்கிருப்பவர்கள் சீரமைப்பு நிலையத்துக்கு மாற்றப்படுவார்கள். அங்கே காதுக்குப் பின்னால் ஒரு வில்லை ஒட்டுவார்கள். சமன்வில்லை. எண் ஏறும்படி முகத்தையும் வாயையும் அதுவே அசைக்கும்.

தன்போக்கில் எண் ஏறாது. இறங்கும். நடிப்பை நிறுத்தியவர்களுக்கு எப்படி ஏறும்? இதுவரை ஆணையத்திலிருந்து யாரும் இங்கே அளக்க வராததால்தான் தப்பித்திருந்தது.

"நாம நடிக்காத நடிப்பா?" துருவன் நாற்காலி ஒன்றின் முதுகில் தாளம் போட்டான். "என்ற கல்யாணத்துல மூணு நாளு நடிச்சேன். மாமனார் இன்னும் என்னைய அமைதியான பையன்னு நம்பிட்டிருக்காரு. இந்த ஆளு ஒரு மணி நேரம் இருப்பாரு. வந்தவரைச் சிரிச்சே தாட்டி, வந்த வழியே அனுப்பி உட்றலாம். போச்சாது, நாளைக்கு ஒருநாள் படுத்துக் கெடந்தாச் சரியாப் போயிரும். மத்தவங்களுக்கும் சொல்லியாச்சு, வந்துட்டிருக்காங்க. நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்."

"நான் சொல்ல மாட்டேன் துருவன்."

"ஏனுங்க?"

"இங்க வந்து நடின்னு சொல்ற உரிமை எனக்கில்லை. நடிக்காம இந்த இடத்தை இழந்துடுன்னு சொல்றதுக்கும் உரிமை இல்லை. வில்லை ஒட்டப்போறது என் காதுக்குப் பின்னாடியா? உங்க காதுக்குப் பின்னாடி."

வாசலிலிருந்து கோகிலவாணி வந்தாள். "இளநி குடிச்சிட்டிருக்காரு. பேரு தெய்வசிகாமணி. நல்ல மனுசன்தான். வீட்டுல என்னமோ மனக்கஷ்டம் போல, கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்குது." வட்டத்தைப் பார்த்தாள். "என்ன பண்றதா உத்தேசம்?"

"நடிக்கலாங்கிறேன் நானு" என்றான் துருவன்.

"நடிக்கிறதா இருந்தா நான் சொல்லித் தர்றேன்" என்றாள் அவள் சாதாரணமாக. "ஹோட்டல்ல புதுசா வர்ற பசங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்ததே அதுதானே. கண்ணைப் பார்க்காதீங்க, கஷ்டமா இருக்கும். மூக்குத் தண்டைப் பாருங்க. அவருக்குக் கண்ணைப் பார்க்குற மாதிரிதான் இருக்கும். சிரிப்பு உதட்டுல ஆரம்பிக்கக் கூடாது. மொதல்ல கண்ணோரம் சுருங்கணும், அப்புறந்தான் உதடு. அவர் சொல்லி முடிச்ச உடனே பதில் சொல்லாதீங்க. ஒரு மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்க. தலைய ஆட்டறப்ப..."

"அக்கா" என்றான் துருவன், வாயைப் பிளந்தபடி. "இதையெல்லாம் சாதாரண மனுசங்க யோசிச்சுத்தான் பண்றாங்களா?"

"சொல்லித் தர்றவங்க யோசிச்சுத்தான ஆகணும்" என்று சிரித்தாள். அவள் சொன்ன வரிசையிலேயே, முதலில் கண்ணோரம் சுருங்கி, அப்புறம் உதடு.

பலகை பேசியது.

"நான் நடிக்க மாட்டேன்."

மகிழ்நன் ஜன்னலைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே போனான்.

"வில்லை ஒட்டியிருந்தபோதுதான் அந்த எண்பத்திரண்டு. அப்போது எனக்கு வாய் பேசும். அப்பா முதல் தடவை அதைக் கேட்டு அழுதார். சந்தோஷத்தில். அதனால் கழற்ற மனம் வரவில்லை. ஒருநாள் வயிற்றில் வலி. ஆஸ்பத்திரியில் டாக்டர் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். என் வாய் பரவாயில்லைங்க என்று சொல்லிச் சிரித்தது. வலியைக் காட்ட விடாது அந்த வில்லை. காட்டினால் எண் குறையும். அவர் வீட்டுக்குப் போகச் சொன்னார். குடல்வால் வெடித்த பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரே வில்லையைப் பிய்த்தெறிந்தார். நான் கத்தினேன். அப்போதும் அவர் அழுதார்."

மகிழ்நன் காலை ஆட்டியபடி அடுத்ததைத் தட்டினான்.

"நீங்கள் நடிக்கலாம். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நடித்துக் காட்டினால் அடுத்த வருடமும் வருவார்கள்."

துருவன் கையிலிருந்த பீங்கான் கட்டையைப் பார்த்தான். கோகிலவாணி இருவரையும் பார்க்கவில்லை. மேசைக்குப் போய்த் தன் நாற்காலியில் அமர்ந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். அவள் மேசை எப்போதும் வட்டத்துக்கு வெளியேதான்.

"கட்டைய மாட்டுடா" என்றாள் நிரஞ்சனா.

கூரைக் கண்கள் மறுபடி நீலமாயின. பிறகு பச்சை.

*

தெய்வசிகாமணி உள்ளே வந்து வட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அதற்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நூற்கண்டை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் தலையில் ஹெட்போன் மாட்டியிருந்தார்.

"என்மேல கோபமுங்களா எல்லாருக்கும்?" என்றார் ஆய்வாளர்.

"இல்லீங்க சார், இதுதான் எங்க உபசாரம்" என்று ஓரத்தில் நின்றிருந்த துருவன் வந்து எதிரே நின்றான். மூக்குத் தண்டைப் பார்த்தான். கண்ணோரம் சுருங்கியது. உதடு விரிந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, "பயணமெல்லாம் சௌகரியமா இருந்ததுங்களா?" என்றான்.

டேப்லெட்டில் துருவன் பெயருக்கு நேரே எண் ஏறியது. எழுபத்திரண்டு. எழுபத்தாறு.

"நல்ல முன்னேற்றமுங்க" என்றார் தெய்வசிகாமணி, ஆச்சரியத்தோடு. "பழைய பதிவுல உங்களுக்கு முப்பத்தொண்ணுன்னு இருக்குது."

துருவனின் கழுத்தில் வியர்வை வழிந்தது. கால் கட்டைவிரல் செருப்புக்குள் துடித்தது. பக்கத்தில் மகிழ்நன் மெல்லிய குரலில் முனகிக்கொண்டு ஜன்னலுக்கு அப்பால் அணில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய எண் பத்தொன்பதிலேயே நின்றது. அவன் முகத்தில் எந்தப் பாரமும் இல்லை.

துருவன் மூச்சை விட்டான். முகத்தைத் தளரவிட்டான். அறையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடக்க ஆரம்பித்தான்.

எண் சரிந்தது. ஐம்பது. நாற்பது. இருபத்தெட்டு.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க? நல்லாத்தான போயிட்டிருந்துச்சு?"

"நல்லா இல்லீங்க சார். மூட்டையத் தலையில வெச்சுட்டு நடந்தா, பார்க்குறவங்களுக்கு அழகாத்தான் இருக்கும். தூக்குறவன் கழுத்தைக் கேட்டுப் பாருங்க."

"எனக்குப் புரியுதுங்க தம்பி. ஆனா நான் என்ன பண்ணட்டும்? சராசரி முப்பத்தஞ்சு வருது. அறுபது வேணும். இது நான் வெச்ச விதி இல்ல."

"சார்" என்றாள் நிரஞ்சனா. "உங்க எண் எவ்வளவு?"

"என்னதுங்களா?"

"நீங்களும் அந்தக் கண்ணுக்குக் கீழதான நிக்கறீங்க. கீழே பாருங்க, பார்வையாளர்னு ஒரு வரி இருக்கும்."

தெய்வசிகாமணி பார்த்தார். உடனே டேப்லெட்டைச் சட்டையோடு அணைத்துக்கொண்டார். ஆனால் பக்கத்தில் வந்து நின்ற துருவன் பார்த்துவிட்டான்.

"ஐம்பத்தேழு! சார், நீங்களே ஃபெயிலுங்க!"

"தம்பி, லொள்ளு பண்ணாதீங்க." அவர் முகம் சிவந்தது. "இன்னிக்குக் காலையில மகளோட சண்டை. அவ எண் பத்தலைன்னு ஒரு வேலை கையைவிட்டுப் போயிருச்சு. நீங்க அளக்குற ஆளுதானே, எனக்குக் கொஞ்சம் கூட்டிப் போடக்கூடாதான்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்றது? மனசு சரியில்லாதப்ப எல்லாருக்கும் குறையுமுங்க."

"அப்போ யாருக்குத்தான் சார் குறையாது?" நிரஞ்சனா விடவில்லை. "நூறு வாங்கினது யாரு?"

"யாருமில்லீங்க. நூறுங்கறது 'மாதிரி நபர்'னு நாங்க சொல்ற ஒருத்தங்க." அவர் குரலில் ஒரு மரியாதை வந்தது. "மெஷின் செஞ்சப்ப எத்தனையோ பேரை வரவழைச்சுப் பார்த்தாங்களாம். எல்லாரும் ஒரு நேரம் ஒரு மாதிரி இருந்தாங்க. ஒரே ஒரு பொம்பளைப் பிள்ளை மட்டும் மாறவேயில்லை. ஒரு மாசம் ஆய்வுக்கூடத்துலயே தங்க வெச்சாங்க. தூங்க விடாம எழுப்பினாங்க. காக்க வெச்சாங்க. வேணும்னே திட்டிப் பார்த்தாங்க. ஒரு நூல் பிசகலையாம். பார்வை, சிரிப்பு, பேச்சு எல்லாம் அப்படியே. ஆரோக்கியமான மனசுன்னா இதுதான்னு முடிவு பண்ணி அவங்களையே அளவா வெச்சுட்டாங்க. எங்க பயிற்சியில அவங்களைப் பத்தி ஒரு வகுப்பே இருக்குதுங்க. பேரு மட்டும் ரகசியம், அதுக்கப்புறம் எங்கேயும் அவங்களை அளந்ததில்லையாம்."

"திட்டினாக்கூட முகம் மாறலை. அது ஆரோக்கியமா சார்?"

"நான் விஞ்ஞானி இல்லீங்க டாக்டர்." டேப்லெட்டை மறுபடி எடுத்தார். விரல் திரைக்கு மேல் தயங்கியது. "மன்னிச்சுக்கோங்க. மூடல் உத்தரவு போட்டுத்தான் ஆகணும். மகிழ்நன்கிறவருக்குச் சீரமைப்பு நிலையத்துல முதல் பேட்ச்சுலயே இடம் கிடைச்சுரும். நாளைக்கே வண்டி வரும்."

மகிழ்நனின் முனகல் நின்றது. அவன் கை தானாகக் காதுக்குப் பின்னால் போய், பழைய தழும்பைத் தொட்டது. பலகையில் எதையோ தட்டினான். அழித்தான். மறுபடி தட்டினான். பலகை பேசவில்லை. நிரஞ்சனா அவன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு நிமிஷமுங்க சார்."

கோகிலவாணி மேசையிலிருந்து எழுந்தாள்.

"என்னையும் அளந்துருங்க."

"நிர்வாகத்தை அளக்கறதில்லீங்களே அம்மா."

"நான் இந்த மன்றத்துல எத்தனை வருசமா இருக்கேன். என்னையும் சேர்த்துத்தான சராசரி? அளங்க."

துருவனின் முகம் மலர்ந்தது. "அட, ஆமா சார்! அக்காவைப் போடுங்க. அவங்க ஒருத்தரே எங்க எல்லாரையும் தூக்கி நிறுத்திருவாங்க!"

"ஒருத்தரால அவ்வளவு ஏறாதுங்க தம்பி" என்றார் தெய்வசிகாமணி. ஆனால் மறுக்கவும் மனம் வரவில்லை. பெயரைப் பதிந்தார்.

அவள் நடந்து வந்து கூரைக் கண்களுக்கு நேர்கீழே, அவர் எதிரில் நின்றாள். தோள்கள் இலேசாகப் பின்னால் போயின. தலை அரை விரற்கடை சாய்ந்தது. பார்த்தாள். சிரித்தாள்.

"மகளைப் பத்தி வருத்தப்படாதீங்க சார். அப்பனோட சண்டை போடுற பிள்ளைங்க அப்பனை நம்புற பிள்ளைங்கதான்."

அந்த ஒரு வாக்கியத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

தொண்ணூறு. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றொன்பது.

நூறு.

எண் அசையவில்லை. தெய்வசிகாமணி டேப்லெட்டைத் தட்டினார், குலுக்கினார். கூரையின் பச்சைக் கண்கள் நான்கும் ஒரே நேரத்தில் வெள்ளையாக மாறின. இத்தனை வருட வேலையில் அவர் அந்த நிறத்தைப் பார்த்ததில்லை. திரையில் இருந்த மற்றப் பெயர்கள் மறைந்து, அந்த நூறுக்குக் கீழே இரண்டே வரிகள் வந்தன. அவர் சத்தமாகவே படித்தார். படிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"மாதிரி நபர் உறுதி செய்யப்பட்டார். அளவைப் புதுப்பிக்கவா, விலகவா?"

நூற்கண்டு சுற்றிக்கொண்டிருந்தவளின் விரல்கள் நின்றன. துருவன் நடப்பதை நிறுத்தினான்.

"அக்கா?" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. "நீங்களா? எங்களையெல்லாம் அளந்த அளவு... நீங்களாக்கா? என்ற அப்பன் பத்தாம் வகுப்புல என்னைய அடிச்சது, என்ற பொண்டாட்டி வீட்டுல நான் தலைகுனிஞ்சு நின்னது, எல்லாமே நான் உங்களை மாதிரி இல்லைங்கிறதுக்குத்தானா?"

"ஆமா துருவா."

"தெரிஞ்சுக்கிட்டேதான் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தீங்களா?"

"தெரிஞ்சதால வந்தேன்."

நிரஞ்சனா தரையிலிருந்து எழவில்லை. "வாணிக்கா, இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை..."

கோகிலவாணி அவளுக்குப் பதில் சொல்லவில்லை. ஆய்வாளரிடம் திரும்பினாள். "ரெண்டுல ஒண்ணு கேக்குதில்லீங்களா சார்? விலகுறேன்னு போடுங்க."

தெய்வசிகாமணி டேப்லெட்டைத் தாழ்த்தினார். "அம்மா, என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? நீங்க விலகினா இந்த ஒரு மெஷின் மட்டும் நிக்காது. எல்லா மெஷினுக்கும் நீங்கதான் அளவு. அளவு இல்லாட்டி எதுவும் அளக்காது. வேலை, வீடு, இந்த மூடல் உத்தரவு, இதுவரைக்கும் போட்ட எண்ணு அத்தனையும் செல்லாமப் போயிரும்."

"போகட்டுங்க."

"சும்மா விலக முடியாது. காரணம் கேக்குது. அளவு தப்புன்னு நிரூபிக்கிற காரணமா இருந்தாத்தான் ஏத்துக்கும். இல்லாட்டி நிராகரிச்சுரும். உங்க அளவுல என்னம்மா தப்பு இருக்க முடியும்? இப்பத்தான் பார்த்தேனே. இருபத்தஞ்சு வருசம் கழிச்சும் ஒரு புள்ளி பிசகலை!"

பலகை பேசியது.

"என் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது."

மகிழ்நன் திரும்பிப் பார்க்கவில்லை. கையால் நாற்காலியை மட்டும் சற்று நகர்த்தி வைத்தான்.

கோகிலவாணி அந்த நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அதைத் துடைத்து வைத்தவள் அவள். வாடகைக்கு, மின்சாரத்துக்கு, உரிமத்துக்கு என அதற்காக அலைந்தவள் அவள். ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை.

நடந்து போய் உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்து, எல்லாருக்கும் முதுகு காட்டி.

முதலில் தோள்கள் இறங்கின. ஆணியிலிருந்து கழற்றிய சட்டைபோல இறங்கின. சாய்ந்திருந்த தலை நேரானது. கண்ணோரச் சுருக்கம் விரிந்தது. சிரிப்பு போனது, போன இடத்தில் சோகமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு முகம் சும்மா இருந்தது. மடியிலிருந்த வலது கை எழுந்தது. காற்றில் சிறகுபோல மெல்ல அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. உடம்பு முன்னும் பின்னுமாக ஆடியது.

நிரஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த அசைவை அவள் ஆயிரம் பேரிடம் பார்த்திருக்கிறாள். தினமும் தன்னோடு டீ குடித்தவளிடம் பார்த்ததில்லை.

தெய்வசிகாமணியின் கையில் எண் விழுந்துகொண்டிருந்தது. எழுபது. நாற்பத்தைந்து. இருபது. மகிழ்நனுடைய எண்ணையும் தாண்டிக் கீழே போய், பதினான்கில் நின்றது.

"காரணம்..." என்றார் அவர். "காரணம்னு என்ன போடட்டுங்க அம்மா?"

அவள் பேசியபோது அது வாசலில் இளநீர் கொடுத்த குரலாக இல்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல், இனிப்பு இல்லாமல், நேராக வந்தது. ஆனால் அந்தக் கிடங்கில் அதுவரை யாரும் அவ்வளவு நிமிர்ந்து பேசிக் கேட்டதில்லை.

"எழுதிக்கோங்க சார். நான் ஆட்டிசக்காரி. ஆறு வயசுல அம்மா அடிச்ச அடியில கண்ணாடி முன்னாடி நின்னு மனுசங்க மாதிரி சிரிக்கப் பழகினேன். உங்க ஆய்வுக்கூடத்துல அந்த ஒரு மாசமும், லைட்டு அணைச்ச பொறவு கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக் கையைக் கடிச்சிட்டுக் கெடந்தேன். அங்க கேமரா இல்ல. வந்த மத்தவங்கெல்லாம் சாதாரணமானவங்க, அதனாலதான் நேரத்துக்கு ஒரு மாதிரி இருந்தாங்க. மாறாம இருந்தது நான் ஒருத்திதான், ஏன்னா நான் ஒருத்திதான் நடிச்சேன். உங்க மெஷினுக்குள்ள சாதாரண மனுசங்க ஒருத்தரும் இருந்ததே இல்லீங்க சார். இருந்தது எங்காளு."